3 வருடத்தில் 2 பிரஷர் வாஷர் போய்விட்டது, குறை மிஷினிலா?

வாசகர் கேள்வி, 28.10.2023

மூன்று வருடத்தில் இரண்டு பிரஷர் வாஷர் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. முதலாவது 1500 வாட், அடுத்தது 1800 வாட். வாரம் ஒரு தடவை ஒரு காரும் இரண்டு பைக்கும் கழுவுகிறேன், அவ்வளவுதான் வேலை. முதல் மிஷின் அடியில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்து நின்றே போனது, இப்போது பரணில் கிடக்கிறது. அடுத்ததை ஆயுத பூஜைக்குக் கார் கழுவ எடுத்தால், மோட்டார் ஓடுகிறது, அழுத்தம் மட்டும் வரவில்லை. இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் குப்பை என்பது என் முடிவு. எந்தக் கம்பெனி வாங்கினால் நிற்கும்?

28.10.2023, இரவு 9.40

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. வாங்கினால் அதுவும் இதே மாதிரிதான் போகும். நாமக்கல்லில் 11 வருடம் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் நடத்தினேன். அதை விட்டபிறகு பம்ப் பிரித்துச் சரிசெய்வதுதான் தொழில். பிரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தண்ணீர் பீய்ச்சுகிற நேரத்தில் இந்த மிஷின் கெடுவதில்லை. பீய்ச்சாமல் சும்மா ஓடுகிற நேரத்தில் கெடுகிறது, அல்லது ஓடாமல் மூலையில் கிடக்கிற நேரத்தில்.

உள்ளே மூன்று பிஸ்டன் இருக்கும். வீட்டு மிஷினில் மோட்டார் சுற்றச் சுற்ற ஒரு சாய்ந்த தட்டு அந்த மூன்றையும் மாற்றி மாற்றி அழுத்தும். ஒவ்வொரு பிஸ்டனைச் சுற்றியும், தண்ணீர் கசியாமல் தடுக்க ஒரு ரப்பர் சீல், கட்டைவிரல் நகம் அளவுக்கு. 100 பார் அழுத்தத்தை அதுதான் தாங்கி நிற்கிறது. அந்த சீலுக்கு எண்ணெயும் தண்ணீர்தான், விசிறியும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டினாலே அதன் உதடு கருக ஆரம்பித்துவிடும்.

உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் எவ்வளவு உயரத்தில், ஹோஸ் எவ்வளவு நீளம்? வயர் எப்படிப்பட்டது? கழுவி முடித்ததும் எதை முதலில் நிறுத்துகிறீர்கள்? இவ்வளவும் எழுதுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

29.10.2023, காலை 6.15

பதில் வரும்வரை என் கதையைச் சொல்கிறேன், இரவு முழுக்க மனதில் ஓடியது. கடை ஆரம்பித்த முதல் வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டி முடிந்ததும் டிரைவர் பணம் கொடுக்க வந்தார். தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைச் (துப்பாக்கி மாதிரி கைப்பிடி) சுவரில் சாய்த்துவிட்டு அவரோடு பேசப் போய்விட்டேன். மோட்டாரை நிறுத்தவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கும். திரும்பி வந்து டிரிகரை அழுத்தினால் வெந்நீர் வருகிறது! கை சுட்டது.

டிரிகரை விட்டதும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பைபாஸ் வால்வு வழியாகப் பம்புக்குள்ளேயே சுற்றும். அதே தண்ணீர் திரும்பத் திரும்ப. மோட்டார் கொடுக்கிற சக்தி எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரைச் சூடாக்குவதில்தான் போகும். நிறைய பம்புகளில் 60 டிகிரியைத் தாண்டினால் சூட்டு நீரை வெளியே விடுகிற சின்ன வால்வு ஒன்று உண்டு. என் பம்பில் அது இல்லை. சாயங்காலம் பம்புக்கு அடியில் சொட்டு விழுந்தது. பிரித்தபோது மூன்று சீலும் கறுத்து, விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. டயர் எரிந்த வாடை. அடுத்த நாள் பூஜைக்குக் கடை சுத்தமாக இருந்தது, மிஷின் மட்டும் ஓடவில்லை.

அதிலிருந்து என் கணக்கு, இரண்டு நிமிடத்துக்கு மேல் டிரிகரை விடப்போகிறேன் என்றால் மோட்டாரை நிறுத்திவிடுவேன். போன் வந்தால்கூட.

29.10.2023, மதியம் 1.05

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டு மிஷின் டிரிகரை விட்டால் தானாக நின்றுவிடுமே, இதெல்லாம் எதற்கு?" சரியான கேள்வி. காலையில் எழுதியது பெல்ட் போட்ட கடை மிஷினுக்கும் பெட்ரோல் மிஷினுக்கும் பொருந்தும். இப்போதைய வீட்டு கரண்ட் மிஷின்களில் அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்துகிற சுவிட்ச் இருக்கிறது, பைபாஸ் சூடு அங்கே பெரிய பிரச்சினை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிரிகரைத் தொடாமலே மிஷின் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை 'டுர்ர்' என்று ஓடி நிற்கிறதா? எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். கன்னிலோ, ஹோஸ் இணைப்பில் உள்ள ஓரிங் என்கிற ரப்பர் வளையத்திலோ, உள்வால்விலோ அழுத்தம் மெல்ல இறங்க, சுவிட்ச் மோட்டாரை எழுப்பிவிடுகிறது. ஒவ்வொரு எழுச்சிக்கும் மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கும், சுவிட்சின் முனை கருகும். ஐந்து ரூபாய் ஓரிங்கைப் பார்க்காமல் விட்டு மோட்டாரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

30.10.2023, இரவு 8.20

பதில் வந்துவிட்டது. மாடி இல்லாத வீடு, மேல்தொட்டி தரையிலிருந்து சுமார் 4 மீட்டர். அரை அங்குலக் குழாய், அதில் 15 மீட்டர் தோட்டத்து ஹோஸ். போர் தண்ணீர், திருப்பூர்ப் பக்கம்.

10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்கள் 4 மீட்டருக்கு 0.4 பார்தான். அதிலும் பாதியை மெல்லிய ஹோஸ் தின்றுவிடும். மாடி வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியைக் கழுவும்போது இன்னும் மோசம். தொட்டியும் மிஷினும் ஒரே மட்டத்தில் இருக்கும், உயரம் கொடுக்கிற அழுத்தம் என்று எதுவும் மிஞ்சாது.

நாளைக்கு ஒன்று செய்யுங்கள். ஹோஸை மிஷினிலிருந்து கழற்றி, அந்த முனையை 10 லிட்டர் பக்கெட்டில் விட்டு, நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள்.

31.10.2023, காலை 10.30

1 நிமிடம் 50 நொடி என்கிறார். அதாவது நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டர். அவர் மிஷினின் ஸ்டிக்கரில் போட்டிருப்பது நிமிடத்துக்கு 7 லிட்டர். பசியோடு ஓடுகிற பம்ப் இது. கேட்கிற தண்ணீர் வராதபோது பம்புக்குள் வெற்றுக் குமிழிகள் உண்டாகி, அழுத்தத்தில் வெடிக்கும். காதை வைத்துக் கேட்டால் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், வால்வையும் சீலையும் அது கொத்திக் கொத்தித் தின்கிறது.

எளிய வழி: பக்கத்தில் ஒரு 100 லிட்டர் டிரம். அதை முதலில் நிரப்பி, ஒரு ஸ்டூல் உயரத்தில் வைத்து, அடியில் முக்கால் அங்குல வால்வு போட்டு, இரண்டு மீட்டருக்குள் தடித்த ஹோஸ் ஒன்றால் மிஷினுக்குக் கொடுங்கள். மெல்லிய ஹோஸ் வேண்டாம், உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும். மேல்தொட்டிக் குழாய் டிரம்மை நிரப்பிக்கொண்டே இருக்கட்டும். டிரம் காலியாவதற்கு முன்னால் நீங்கள் நிறுத்திவிட வேண்டும், அது முக்கியம்.

இன்னொன்று. ஸ்விட்ச் போடுவதற்கு முன் கன்னின் முனையில் தண்ணீர் பீய்ச்சுகிற சின்னத் துளை உள்ள நாசிலைக் கழற்றிவிட்டு டிரிகரை அழுத்திப் பிடியுங்கள். முதலில் புஸ் புஸ் என்று காற்று வரும், துப்பித் துப்பித் தண்ணீர் வரும், அப்புறம் ஒரே சீராக ஓடும். அந்தச் சீர் வந்தபிறகுதான் ஸ்விட்ச். அரை நிமிட வேலை, இதைச் செய்கிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

2.11.2023, இரவு 7.50

வயர். படம் அனுப்பியிருக்கிறார், டிவிக்குப் போடுகிற மாதிரி மெல்லிய எக்ஸ்டென்ஷன், 25 மீட்டர். தடிமன் 0.75 சதுர மில்லிமீட்டர் இருக்கும். 1800 வாட் மிஷின் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். போக 25, வர 25, மொத்தம் 50 மீட்டர் செம்பு. ஓடும்போது 9 வோல்ட் அதிலேயே போகும். அது பரவாயில்லை. இண்டக்ஷன் மோட்டார் கிளம்புகிற நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும், அப்போது 45 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். சாயங்காலம் எங்கள் பக்கம் 190 வோல்ட் என்பது சாதாரணம். மோட்டாருக்கு மிஞ்சுவது 145. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் சுற்றுகிற விசை அதன் இருமடியில் குறையும், 40 சதவீதம்கூட இருக்காது. மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நிற்கும், உள்ளே இருக்கிற கம்பிச்சுற்று கருகும். டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்விட்ச் போட்டால் பம்பில் எதிரழுத்தம் இருக்காது, கிளம்புவது லேசு.

1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். எர்த்தோடு மூன்று கோர். ஈரத்தில் நிற்கிறீர்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத லைனில் இந்த மிஷினைத் தொடவே தொடாதீர்கள்.

3.11.2023, காலை 6.40

நேற்று 1.5 போதும் என்று எழுதினேன். அது 10, 15 மீட்டர் வரைக்கும் சரி. 25 மீட்டருக்கு அதில் கிளம்பும்போது 23 வோல்ட் போகிறது. 2.5 போட்டால் 14. எங்கள் பக்கத்து வோல்டேஜுக்கு 2.5 தான் வாங்க வேண்டும். உருளையில் சுற்றிய வயர் என்றால் முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் உள்சுற்றுகள் சூடேறி ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

5.11.2023, மாலை 5.15

நிறுத்துகிற வரிசை. அவர் முதலில் குழாயை மூடி, மிஷின் ஓடி ஓடித் தண்ணீர் தீர்ந்து சத்தம் மாறியபிறகு ஸ்விட்சை அணைக்கிறாராம். 'உள்ளே தண்ணீர் தங்கக்கூடாது என்று' என்கிறார். எண்ணம் நல்லதுதான். ஆனால் வாரா வாரம் சீலைக் காயவைத்து ஓட்டியிருக்கிறார். முதல் மிஷின் ஒழுகியதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

முதலில் ஸ்விட்ச். அப்புறம் குழாய். அப்புறம் டிரிகரை அழுத்தி உள்ளே இருக்கிற அழுத்தத்தை வடியவிட வேண்டும், தண்ணீர் சொட்டி நிற்கும்வரை. அதன்பிறகுதான் ஹோஸைக் கழற்றுவது. அழுத்தத்தோடு கழற்றினால் ஓரிங் பிய்ந்து வரும். அழுத்தத்தோடு அப்படியே எடுத்து வைத்தால் சீலும் ஹோஸும் அடுத்த வாரம் வரை இழுபட்டே கிடக்கும்.

5.11.2023, இரவு 9.30

ஊட்டிக்காரர் ஒருவர் மறுத்திருக்கிறார். அவருடைய கையேட்டில், எடுத்து வைப்பதற்கு முன் தண்ணீர் இணைப்பு இல்லாமல் அதிகபட்சம் 1 நிமிடம் ஓட்டி உள்நீரை வெளியேற்று என்று அச்சிட்டிருக்கிறதாம். சரிதான், அது உறைபனிக்காகச் சொன்னது. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பருக்கும், பம்பின் தலை வெடித்துவிடும். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் டிசம்பர், ஜனவரியில் புல் வெளுத்துக் கிடக்கும், அங்கே இருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். அதுவும் கன்னிலிருந்து தண்ணீர் வருவது நின்றதும் அணைத்துவிட வேண்டும், நிமிடம் முழுக்க ஓட்டவேண்டியதில்லை. திருப்பூரில் வாரா வாரம் செய்வதற்கு அவசியமே இல்லை.

8.11.2023

சோப்பு, ஆசிட் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சோப்பு டப்பாவோடு வருகிற மிஷின்களில் பெரும்பாலும் பம்பைத் தாண்டியபிறகுதான் சோப்பு கலக்கும், சீலுக்கு அது போகாது. டிரம் தண்ணீரிலேயே ஷாம்பூவைக் கொட்டி உறிஞ்சவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளீச்சிங் தண்ணீர், கழிப்பறை ஆசிட், டீசல் கலந்த தண்ணீர் எல்லாம் அப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். சேஸிஸ் கிரீஸ் போக டீசல் அடிப்பது லாரிப்பட்டறைப் பழக்கம். டீசல் பட்டால் சில வகை ரப்பர் ஊறி வீங்கிவிடும். ஆசிட் அலுமினியத் தலையையே அரிக்கும். பம்புக்குள் வெறும் தண்ணீர் மட்டும்தான் போகலாம். வெந்நீரும் வேண்டாம். வீட்டு மிஷின்கள் பலவற்றில் உள்ளே போகிற தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. வெயிலில் கிடக்கிற கறுப்புத் தொட்டித் தண்ணீர் சித்திரை மதியத்தில் அதைத் தொட்டுவிடும், காலையில் கழுவுங்கள்.

உப்புப் படிவுக்கு ஆசிட் ஊற்றலாமா என்றால், மிஷினுக்குள் வேண்டவே வேண்டாம். நாசிலையும் உள்வாய் வடிகட்டியையும் கழற்றி, வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டு அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

14.11.2023, தீபாவளி முடிந்து

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'பீய்ச்சுகிற நேரத்தில் கெடுவதில்லை' என்றேன். தீபாவளிக்கு முன்னால் வந்த இரண்டு மிஷின்கள் அதைப் பொய்யாக்கிவிட்டன. இரண்டும் நன்றாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது கெட்டவை.

ஒன்றில் போர் மணல். புதுப் போர், வடிகட்டி தண்ணீர் வரத்தைக் குறைக்கிறது என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். பிஸ்டனில் நீளவாக்கில் கோடுகள், நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. சீல் மாற்றினாலும் அந்தக் கோடு புது சீலை அறுத்துவிடும், பிஸ்டனும் மாற்றவேண்டும்.

அடுத்தது நாசில் தேய்மானம், இது கவனிக்க வேண்டிய விஷயம். நாசில் துளையின் விட்டம் 10 சதவீதம் தேய்ந்தால் பரப்பு 21 சதவீதம் கூடும், அதே அளவு தண்ணீர் போகும்போது அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆள் என்ன நினைக்கிறார்? பம்ப் பலவீனமாகிவிட்டது என்று. அழுத்தத் திருகை முறுக்குகிறார், வரவில்லை, இன்னும் முறுக்குகிறார். அப்புறம் ஒருநாள் புது நாசில் மாட்டுகிறார். முறுக்கிய திருகு அப்படியே இருக்கிறது. அழுத்தம் அளவுக்கு மீறி ஏறி, பைபாஸ் ஸ்பிரிங் போய், ஹோஸ் வெடிக்கிறது. திருகைத் தொடுவதற்கு முன் நாசிலை மாற்றிப் பாருங்கள். நாசில் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி, தண்ணீரைப் பின்பக்கமாக விட்டுக் கழுவினாலே சரியாகும்.

ஆகவே பீய்ச்சும்போதும் கெடும். மற்றதெல்லாம் இன்னும் நான் சொன்னபடியேதான்.

15.11.2023

பைக் வாட்டர் வாஷ் வைத்திருக்கிற ஒரு தம்பி கேட்டதற்கு. உங்களுடையது பயிருக்கு மருந்தடிக்கிற எச்டிபி (HTP) பம்ப், 20 முதல் 40 பார் வரை போகும். மேலே மூன்று கிரீஸ் கப் இருக்கும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு திருகு. கப் காலியாகக் கிடப்பதைத்தான் முக்கால்வாசிக் கடைகளில் பார்க்கிறேன். ஆயில் கண்ணாடியைத் தினமும் பாருங்கள். ஆயில் பால் நிறமாகிவிட்டால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள், பத்து நாளில் மறுபடியும் பாலாகும், பேரிங் துருப்பிடிக்கும்.

15.11.2023, சற்றுப் பின்

மிஷின் பேச்சுக்கு நடுவில் ஒன்று. அடைத்த நாசிலை ஓடும்போது விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பீய்ச்சுகிற தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுப்போகும். அப்படி ஆனால் காயம் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

19.11.2023, இரவு 8.45

கேள்வி கேட்ட திருப்பூர் நண்பர் இரண்டு மிஷினையும் காரில் போட்டு எடுத்து வந்துவிட்டார். மதியம் முழுக்க அதுதான்.

அழுத்தம் வராத 1800 வாட். உள்வாய் வடிகட்டியை எடுத்தால் சல்லடை தெரியவில்லை, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை. சரி, இதுதான் என்று ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டினோம். தண்ணீர் வந்தது, அழுத்தம் வரவில்லை. பம்பின் தலையைப் பிரித்தோம். ஆறு வால்வையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். நான்காவதில், வால்வுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு இழை. முதலில் உப்பு என்று நினைத்தேன். ஊசியால் எடுத்தால் நீண்டு வந்தது. டெஃப்லான் டேப்! குழாய் அடாப்டரின் மரையில் ஒழுகாமலிருக்கச் சுற்றியிருக்கிறார், முனை பிய்ந்து உள்ளே போயிருக்கிறது. வடிகட்டிக்கு அப்பால் உள்ள மரையிலும் சுற்றியதால் வடிகட்டியால் அதைத் தடுக்க முடியவில்லை. ஒரு அரிசி அளவு டேப். மூன்றில் ஒரு பிஸ்டன் வேலையே செய்யவில்லை. எடுத்துவிட்டு மாட்டினோம், ஹோஸ் விறைத்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த இணைப்பில் ரப்பர் வாஷர் போதும், டேப் தேவையில்லை.

பரணில் கிடந்த 1500 வாட்டுக்கு, எதிர்பார்த்தபடியே, சீல் மூன்றும் போயிருந்தது. பிஸ்டனில் கோடு இல்லை, அது அதிர்ஷ்டம். சீல் செட் கோயம்புத்தூரில் தேடச் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களும் சீல் வாங்கப் போனால் மாடல் எண்ணை மட்டும் நம்பாமல் பழைய சீல் ஒன்றையும் ஒரு பிஸ்டனையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 12 மில்லியும் 13 மில்லியும் கடை வெளிச்சத்தில் ஒன்று போலவே தெரியும். கவுண்டரிலேயே பிஸ்டனை சீலுக்குள் நுழைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.